அளவை எழுதினார்கள், உப்பை எழுதவில்லை: 1944 கொலராடோ ஒப்பந்தம் பற்றி ஒரு சந்தேகம்

கயல்_சட்டம்

எல்லோருக்கும் வணக்கம். பன்னாட்டுச் சட்டத்தில் முதுநிலை படிக்கிறேன். அமெரிக்காவும் மெக்சிகோவும் 1944 பிப்ரவரி 3-ல் கையெழுத்திட்ட நீர் ஒப்பந்தத்தை ஒரு வாரமாகத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

10-வது ஷரத்துப்படி கொலராடோ ஆற்றிலிருந்து மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி நீர் உறுதி. 'எந்த மூலத்திலிருந்து வந்தாலும்' என்று கூடவே எழுதியிருக்கிறார்கள். 11-வது ஷரத்தும் நீர் எங்கே தோன்றியது என்பது பொருட்டல்ல என்கிறது. ஆனால் அந்த நீர் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. உப்பு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எங்குமே இல்லை.

1961-ல் மெக்சிகாலி பள்ளத்தாக்குக்கு வந்த ஆற்று நீரில் உப்பு திடீரென்று ஏறியது. மெக்சிகோ அந்த நவம்பரிலேயே கண்டனம் தெரிவித்தது. 12 ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1973-ல் 'மினிட் 242' என்ற உடன்பாடு வந்தது. என் கேள்வி இதுதான்: அமெரிக்கா 1944 ஒப்பந்தத்தை மீறியதா? இல்லை, மீறாமலே அண்டை நாட்டு உறவுக்காக இறங்கி வந்ததா? கடமையா, கருணையா?

எதிர்வாதி

மீறவில்லை. இதில் சிக்கிக்கொள்ள ஒன்றுமே இல்லையே?

'எந்த மூலத்திலிருந்து வந்தாலும்' என்று சும்மா எழுதவில்லை. வயலில் பாய்ந்து வடிந்து திரும்பி வரும் நீரும் கணக்கில் சேரும் என்பதற்காகவே எழுதினார்கள். பாலைவனத்தில் வயலில் பாய்ந்து வடிகிற நீர் உப்பாகத்தான் இருக்கும். 1944-ல் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பாசனம் தெரிந்தவர்கள். மெக்சிகோ தெரிந்தே கையெழுத்துப் போட்டது. அளவு வந்து சேர்ந்துவிட்டால் கடமை முடிந்தது. மற்றதெல்லாம் ராஜதந்திரம்.

மடைக்காரர்

பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் தெரியாது, தண்ணீர் கொஞ்சம் தெரியும். என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஷரத்தை வைத்து மல்லுக்கட்டிப் பயனில்லை.

அரிசோனாவில் கீலா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெல்டன்-மோஹாக் என்று ஒரு பாசனப் பகுதி. முன்பு நிலத்தடி நீரை இறைத்து விவசாயம் செய்தார்கள். இறைத்ததே மறுபடி நிலத்துக்குள் இறங்கி, மறுபடி மேலே வந்து, ஒவ்வொரு சுற்றிலும் உப்பு ஏறிக்கொண்டே போனது. 1952-ல் கொலராடோ நீர் கால்வாய் வழியாக வந்தது. புது நீர் தாராளமாகப் பாய்ந்ததில் நிலத்தடி நீர்மட்டம் வேர் வரைக்கும் எழும்பியது. மேலே புது நீர், அடியில் பல ஆண்டு உவர் நீர். பயிர் மூச்சுத் திணறியது.

நீர்மட்டத்தை இறக்க வரிசையாக வடிகால் கிணறுகள் போட்டார்கள். 1961-ல் பம்புகள் ஓட ஆரம்பித்தன. வெளியே வந்த நீரில் உப்பு 6,000 பிபிஎம் அளவில் இருந்தது. அதை எங்கே விட்டார்கள்? கீலா வழியாகக் கொலராடோவில். அதுவும் அமெரிக்கர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் இம்பீரியல் அணைக்குக் கீழே, மெக்சிகோ எடுத்துக்கொள்ளும் மொரெலோஸ் அணைக்கு மேலே. அவர்கள் வாய்க்காலில் ஒரு சொட்டு உப்பு ஏறவில்லை. மொரெலோஸில் சுமார் 800 பிபிஎம் ஆக இருந்தது 1962-ல் ஆண்டுச் சராசரியே 1,500-ஐத் தொட்டது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஒப்பந்த அளவைவிடக் கணிசமாக அதிக நீர் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மிகைநீர் உப்பைக் கரைத்துக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தது. மேலே க்ளென் கேன்யன் அணையை நிரப்ப ஆயத்தமாகி, 1963 மார்ச்சில் மதகை மூடினார்கள். மிகைநீர் நின்றது, உப்பு நின்றபாடில்லை.

தலைமடைக்காரன் வடிகாலைக் கடைமடைக்காரன் வாய்க்காலில் திருப்பிவிடுவதற்குக் கிராமத்தில் என்ன பெயர் என்று எதிர்வாதிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

எதிர்வாதி

தெரியும் ஐயா. ஆனால் அந்தப் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. நான் பேசுவது சட்டம்.

பராக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏக்கர்-அடி என்றால் எவ்வளவு? பிபிஎம் என்றால்? 800-க்கும் 1,500-க்கும் வித்தியாசம் என் நாக்குக்குத் தெரியுமா?

மடைக்காரர்

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரம் நீர் நின்றால் ஒரு ஏக்கர்-அடி. சுமார் 1,233 கன மீட்டர். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆயிரம் பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு.

நாக்குக்கு 1,500 கரிக்கும். ஆனால் நாக்கை விடுங்கள் தம்பி, வேரைப் பாருங்கள். பயிர் நீரைக் குடிக்கும், உப்பைக் குடிக்காது. நீர் ஆவியாகப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். அடுத்த பாய்ச்சலில் இன்னும் கொஞ்சம். சில ஆண்டில் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்துவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, பயிரின் தேவைக்கு மேல் கூடுதலாக நீர் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ளுவது. எவ்வளவு கூடுதல் என்பதற்குப் பாசனப் புத்தகங்களில் ஒரு சூத்திரம் உண்டு.

குதிரைமசால் என்ற தீவனப் பயிரை எடுத்துக்கொள்வோம். வேர்மண்டலத்தில் மீட்டருக்கு 2 டெசிசீமன் (உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் அளவு) வரை தாங்கும். 800 பிபிஎம் நீரின் மின்கடத்துதிறன் தோராயமாக 1.25. போட்டுப் பார்த்தால், பாய்ச்சுவதில் 14 சதவீதம் கழுவுவதற்குப் போக வேண்டும். 1,500 பிபிஎம் நீர் என்றால் 2.34, கழுவ 31 சதவீதம் வேண்டும். அதாவது பயிருக்கு 100 பங்கு தேவை என்றால், முதல் நீரில் 117 பங்கு பாய்ச்ச வேண்டும், இரண்டாவது நீரில் 144.

இப்போது ஒப்பந்தத்துக்கு வாருங்கள். அதே 15 லட்சம் ஏக்கர்-அடி, 800-லிருந்து 1,500-க்கு ஏறினால், பயிருக்கு உதவுவதில் சுமார் 12 லட்சத்துக்குச் சமம். மீட்டர் 15 காட்டும், வயல் 12 காட்டும். அதுவும் கழுவிய நீர் வடிய வழி இருந்தால்தான். மெக்சிகாலியில் அப்போது சரியான வடிகால் வசதி கிடையாது. பருத்தி, பார்லி இரண்டும் உப்பைத் தாங்கும். அவரை வகையெல்லாம் முதலிலேயே கையை விரித்துவிடும்.

கயல்_சட்டம்

ஐயா, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தரத்தை எழுதாமல் விட்டதால் அளவே ஓட்டையாகிவிட்டது என்று வாதிடலாம் போலிருக்கிறதே.

எதிர்வாதி

அழகான கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஒரே கேள்வி கேட்கும்: 'குதிரைமசால் எந்த ஷரத்தில் இருக்கிறது?'

ஏட்டுச்சுரைக்காய்

மூன்றாவது ஷரத்தில் இருக்கிறது, எதிர்வாதி. கிட்டத்தட்ட.

அந்த ஷரத்து கூட்டு நீர்ப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை வரிசை தருகிறது. முதலில் வீடு, நகராட்சித் தேவை. இரண்டாவது விவசாயமும் கால்நடையும். பிறகு மின்சாரம், தொழில், போக்குவரத்து, மீன்பிடி என்று போகிறது. குடிக்கவும் விளைவிக்கவும் என்று வரிசை போட்டுவிட்டு, குடிக்கவும் முடியாத விளைவிக்கவும் முடியாத நீரை அளந்து கொடுத்துக் கையைத் தட்டிக்கொள்ளலாமா? ஒப்பந்தத்தை அதன் நோக்கத்தோடு சேர்த்துப் படி என்பதுதான் வியன்னா உடன்படிக்கையின் 31-வது ஷரத்து.

இன்னொரு சங்கதி சுவாரசியமானது. ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் வாங்கும்போது இரண்டு செனட்டுகளிலும் இரண்டு கதை சொன்னார்கள். வாஷிங்டனில், வடிநீரும் கணக்கில் சேரும், தரத்துக்கு நாம் பொறுப்பில்லை என்று ஆதரவாளர்கள் உறுதி கொடுத்தார்கள். அங்கே கலிஃபோர்னியாக்காரர்கள் ஒப்பந்தத்தையே எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது. மெக்சிகோ செனட்டிலோ, நல்ல பாசன நீர் வரும் என்று சொன்னார்கள். ஒரே தாளை இரண்டு தலைநகரிலும் இரண்டு விதமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். எழுதாமல் விட்டது மறதியால் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் ஏதோ ஒரு பக்கம் ஒப்புதல் விழுந்திருக்காது.

எதிர்வாதி

வியன்னா உடன்படிக்கை 1969-ல் வந்தது, 1980-ல்தான் அமலுக்கு வந்தது. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, ஒப்புதல் கொடுக்கவே இல்லை. 1944 தாளுக்கு அதைக் கொண்டு எப்படிப் பொருள் சொல்வீர்கள்?

மூன்றாவது ஷரத்து இரு நாடும் கூட்டாகப் பயன்படுத்தும் நீர் குறித்து எல்லை-நீர் ஆணையத்துக்கு வழிகாட்டும் வரிசை. தர உத்தரவாதம் அல்ல. இதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

முதலாவதுக்குப் பதில்: பொருள்கொள்ளும் விதிகள் 1969-ல் பிறந்தவை அல்ல, அதற்கு முன்பே வழக்காற்றுச் சட்டமாக இருந்தவை. அமெரிக்காவே பலமுறை அப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் உங்களுக்குப் பாதி மதிப்பெண்.

ஆனால் நீங்கள் நிற்கும் இடம் எது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1895-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் ஒரு கருத்துரை கொடுத்தார். ரியோ கிராண்டே நீர் குறைந்ததாக மெக்சிகோ முறையிட்டபோது, தன் எல்லைக்குள் ஓடும் ஆற்றை ஒரு நாடு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பன்னாட்டுச் சட்டத்தில் எந்தக் கடமையும் இல்லை என்றார். அதை நம்பி நின்றிருந்தால் 1906-ல் ஹுவாரெஸ் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி தருவதாக உடன்பாடு போட்டிருக்க வேண்டாம். 1944-ம் வேண்டாம். தத்துவத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு நடைமுறையில் அமெரிக்கா அதை என்றைக்கோ கைவிட்டுவிட்டது. சொன்ன ஆளே விட்ட வாதத்தை நீங்கள் ஏன் தூக்கிச் சுமக்கிறீர்கள்?

எதிர்வாதி

ஹார்மனை நான் தூக்கவில்லை. ஒப்பந்தம் இருக்கிறது, அதில் இல்லாததைச் சேர்க்காதே என்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

கயல்_சட்டம்

சரி, இரண்டு பேர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். மினிட் 242-க்கு வரலாமா? முதலில் 'மினிட்' என்பதே எனக்கு விநோதமாக இருந்தது. கூட்டக் குறிப்பு எப்படி ஒப்பந்தம் ஆகும்?

ஏட்டுச்சுரைக்காய்

1944 ஒப்பந்தத்தின் அழகே அங்குதான். எல்லைக்கும் நீருக்குமான பன்னாட்டு ஆணையம் ஒன்று. அமெரிக்கப் பிரிவு எல் பாசோவில், மெக்சிகோ பிரிவு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சியுதாத் ஹுவாரெஸில். இரு ஆணையர்களும் எடுக்கும் முடிவைக் குறிப்பாக எழுதி அரசுகளுக்கு அனுப்புவார்கள். அரசுகள் ஒப்புக்கொண்டால் கட்டுப்படுத்தும். மூல ஒப்பந்தத்தைத் திறந்து செனட்டில் மறுபடி போராட வேண்டாம். ஒப்பந்தத்தை யாரும் திருத்தவில்லை, ஆனால் எண்பது ஆண்டாக வளர்ந்துகொண்டே இருக்கிறது.

உப்பு விவகாரத்தில் முதலில் 1965-ல் மினிட் 218. வெல்டன்-மோஹாக் வடிகாலை நீட்டி, வேண்டியபோது மொரெலோஸுக்குக் கீழே திருப்பிவிட அமெரிக்கா கால்வாய் வெட்டியது. ஐந்தாண்டுத் தற்காலிக ஏற்பாடு. 1972-ல் அதிபர் எச்செவெரியா வாஷிங்டனுக்கு வந்து அமெரிக்கக் காங்கிரஸிலேயே பேசினார். அடுத்த மாதம் மினிட் 241. நிக்சன் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் பிரவுனெலைத் தனிப் பிரதிநிதியாக்கினார். 1973 ஆகஸ்ட் 30-ல் மினிட் 242; தலைப்பிலேயே 'நிரந்தரமான, இறுதியான தீர்வு'.

மையக் கருத்து இது: மொரெலோஸுக்கு மேலே தரப்படும் சுமார் 13.6 லட்சம் ஏக்கர்-அடியின் ஆண்டுச் சராசரி உப்பு, இம்பீரியல் அணையில் உள்ளதைவிட 115 பிபிஎம்முக்கு மேல் கூடாது. 30 முன்பின் இருக்கலாம். மீதி 1.4 லட்சம் சான் லூயிஸ் அருகே நில எல்லையில் தரப்படும். அங்கே வழக்கமாக வந்துகொண்டிருந்த உப்பளவே தொடரும். சான் லூயிஸ் பக்கம் எல்லையிலிருந்து ஐந்து மைலுக்குள் நிலத்தடி நீர் இறைப்பதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 1.6 லட்சம் ஏக்கர்-அடி உச்சவரம்பு.

இன்னொன்று: 115 என்பது அமெரிக்கக் கணக்கு. மெக்சிகோ கணக்கில் அதே எண் 121. ஆய்வகத்தில் உப்பை அளக்கும் முறை வேறு. எந்த முறை சரி என்று சண்டை போடாமல் இரண்டையும் எழுதிவிட்டார்கள்! எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

பராக்கு

இரண்டு தராசு, ஒரே வியாபாரம் 😀

மடைக்காரர்

115-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவு பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று தனி எண் எழுதவில்லை. 'நான் குடிப்பதைவிட இவ்வளவுக்கு மேல் உனக்குக் கரிக்காது' என்று எழுதினார்கள். இதில் மெக்சிகோவுக்கு ஒரு பெரிய லாபம். இம்பீரியலில் எடுக்கும் நீரைத்தான் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கும் யூமா விவசாயிகளும் பாய்ச்சுகிறார்கள். மேலே உப்பு ஏறினால் முதலில் அலறுவது அவர்கள். மெக்சிகோவின் வயலுக்கு அமெரிக்க விவசாயியே காவல். வேறு எந்தக் கண்காணிப்பாளரை வைத்தாலும் இவ்வளவு விழிப்பாக இருக்க மாட்டார்.

நஷ்டமும் அதே இடத்தில்தான். ஆறே உப்பானால் மெக்சிகோவும் கூடவே உப்பாக வேண்டியதுதான், புகார் சொல்ல முடியாது. இம்பீரியல் அணைக்கு 879 மில்லிகிராம் என்று ஒரு வரையறை உண்டு. ஆனால் அது ஏழு மாநிலங்கள் அமெரிக்க உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் வைத்துக்கொண்டது. மெக்சிகோ கேட்டு வாங்கியதல்ல.

அடுத்து 'ஆண்டுச் சராசரி'. விதை முளைக்கும் வாரத்துக்குச் சராசரி தெரியாது. கோடையில் நீர் அதிகம் வரும்போது உப்பு குறையும், குளிர்காலத்தில் நீர் குறையும்போது ஏறும். இரண்டையும் கூட்டி வகுத்தால் எண் சரியாக வரும், நாற்று வாடியிருக்கும். சான் லூயிஸில் 'வழக்கம்போல்' என்ற சொல்லை வைத்ததும் அப்படித்தான். வழக்கமாக அங்கே வருவதே உப்புதான்.

எதிர்வாதி

ஐயா சொன்னது என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. 1944-ல் தரம் கடமையாக இருந்திருந்தால் 1973-ல் இப்படி ஒப்பீட்டு எண்ணை ஏன் பேரம் பேசி வாங்க வேண்டும்? புதிதாக வாங்கினார்கள் என்றால் முன்பு இல்லை என்றுதானே அர்த்தம்.

ஏட்டுச்சுரைக்காய்

அல்லது, முன்பு இருந்த கடமைக்கு எண் மட்டும் இப்போது கிடைத்தது என்றும் அர்த்தம். வேலி போட்டால் நிலம் அன்றைக்குத்தான் நமக்குச் சொந்தமானது என்று ஆகாது.

மினிட் 242 இதில் வாயைத் திறக்கவே இல்லை என்பதுதான் உண்மை. யார் தவறு என்று சொல்லவில்லை. பழைய நஷ்டத்துக்கு ஈடும் இல்லை. மெக்சிகாலியைச் சீரமைக்க நல்ல நிபந்தனையில் கடன் பெற ஆதரவு தருவோம், அதில் உப்புப் பிரச்சினை தொடர்பான வேலைகளுக்கு மட்டும் திருப்பித் தர வேண்டாத உதவியும் தருவோம் என்றார்கள், அவ்வளவுதான். உங்கள் 'கருணை'யும் என் 'கடமை'யும் அந்தத் தாளுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றையொன்று பார்க்காமல்.

நாணல்

ஈரநிலச் சூழலியல் படிப்பவள். இந்த இழையில் இன்னும் யாரும் அந்த வடிகால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லவில்லையே?

242 வந்ததும் வெல்டன்-மோஹாக் வடிகாலை மெக்சிகோவுக்குள் நீட்டினார்கள், கான்கிரீட் பூசி, அமெரிக்கச் செலவில். 1977 முதல் அந்த உவர் நீர் டெல்டாவில் சாந்தா கிளாரா என்ற இடத்தில் கொட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல். அங்கே முன்பு பெயருக்கு ஒரு சிறு சதுப்பு இருந்தது. உவர் நீர் நிற்காமல் வந்ததில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் சம்பு வளர்ந்து, வட அமெரிக்கப் பாலைவனத்தின் பெரிய ஈரநிலங்களில் ஒன்றாகிவிட்டது. அழியும் நிலையில் உள்ள யூமா நீர்க்கோழிக்கு இன்று இதைவிட முக்கியமான இருப்பிடம் இல்லை. 1993-ல் மெக்சிகோ டெல்டாவை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது இதுவும் அதற்குள் வந்தது.

வயலைக் கொல்லும் நீர் சம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. சட்டக்காரர்கள் 'கழிவு' என்று பெயர் வைத்ததைப் பறவைகள் படிக்கவில்லை.

மடைக்காரர்

நன்றி அம்மா. அந்த ஒரு லட்சம் ஏக்கர்-அடிதான் அமெரிக்காவுக்குத் தீராத தலைவலி. 15 லட்சத்துக்குள் அது கணக்கில் வராது. அதற்குப் பதிலாக அணையிலிருந்து நல்ல நீர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் 1974 ஜூனில் உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டு, யூமாவில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் ஒரு பெரிய உப்பகற்றும் ஆலை கட்டத் தீர்மானித்தார்கள். வடிகாலைச் சுத்தம் செய்து ஆற்றில் விட்டால் கணக்கில் சேரும் அல்லவா. கட்டி முடித்தது 1992-ல். சுமார் 25 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினார்கள். 1993 ஜனவரியில் கீலாவில் வெள்ளம் வந்து வடிகாலை உடைத்தது, நிறுத்தினார்கள். பிறகு 2007-ல் மூன்று மாதம், 2010–11-ல் ஏறக்குறைய ஓராண்டு சோதனை ஓட்டம். அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் பராமரித்துக்கொண்டு காத்திருக்கிறது.

பராக்கு

ஒரு ஒப்பந்தத்தைக் காப்பாற்ற ஆலை கட்டி, ஆலையை ஓட்டாததால் ஒரு சதுப்பு பிழைத்திருக்கிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

நாணல்

மிகச் சரியாக. ஆலை முழு வேகத்தில் ஓடினால் சாந்தா கிளாராவுக்கு நீர் பெருமளவு குறையும், வருவதும் செறிந்த உப்புக் கழிவாக வரும். 2010 சோதனை ஓட்டத்துக்கு முன் இரு நாட்டு அரசுகளும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து சதுப்புக்கு மாற்று நீர் ஏற்பாடு செய்தார்கள். சோதனைக்கு மட்டும்தான். அந்த ஈரநிலத்துக்கு நிரந்தரமாக ஒரு சொட்டு நீரும் எந்தத் தாளிலும் உரிமையாக எழுதப்படவில்லை.

கழிமுகம்

கயல், கொலராடோவை மட்டும் பார்த்தால் ஒப்பிட ஆள் இருக்காது. ரைனைப் பாருங்கள்.

அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் உப்பை ரைனில் கொட்டின. கடைமடையில் நெதர்லாந்து. 1976 டிசம்பர் 3-ல் பான் நகரில் குளோரைடு உடன்படிக்கை. படிப்படியாக நொடிக்கு 60 கிலோ குளோரைடைக் குறைப்பது இலக்கு. செலவுப் பங்கீட்டைக் கவனியுங்கள்: பிரான்ஸ் 30 சதவீதம், ஜெர்மனி 30, நெதர்லாந்து 34, சுவிட்சர்லாந்து 6. பாதிக்கப்பட்டவன்தான் அதிகம் கொடுத்தான்! அதுவும் 1985-ல்தான் அமலுக்கு வந்தது. கடைசியில் வரவுசெலவுக் கணக்கைத் தீர்க்கவே பிரான்ஸும் நெதர்லாந்தும் நடுவர் மன்றம் போய், 2004-ல் தீர்ப்பு வாங்கின. அதற்குள் சுரங்கமே மூடியாகிவிட்டது.

அதே 1976 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வேறொரு கதவைத் திறந்தது. டச்சு நாற்றங்கால்காரர் ஒருவர் சுரங்க நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு. மாசு புறப்பட்ட நாட்டிலும் தொடுக்கலாம், சேதம் விழுந்த நாட்டிலும் தொடுக்கலாம் என்றது நீதிமன்றம். மெக்சிகாலி விவசாயிக்கு அப்படி ஒரு கதவு கிடைக்கவில்லை.

எதிர்வாதி

நெதர்லாந்து 34 சதவீதம் கொடுத்தது எனக்குத் தெரியாது. 'மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும்' என்பது வேதவாக்கு என்று பேசுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

அப்படியே கங்கை பற்றியும் யாராவது சொல்லுங்கள். 1996 ஒப்பந்தத்தில் உப்பு உண்டா?

கழிமுகம்

கிடையாது. 1996 டிசம்பர் 12 இந்தியா–வங்கதேச ஒப்பந்தம் ஃபராக்காவில் ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கு ஒருமுறை நீரைப் பங்கிடுகிறது. வரவு நொடிக்கு 70,000 கன அடிக்குள் என்றால் பாதிப் பாதி. அதற்கு மேல் வேறு வாய்ப்பாடு. எல்லாம் அளவுதான். ஆனால் அங்கே உப்பு வருவது மேலிருந்து அல்ல, கீழிருந்து. கோடையில் கங்கையின் கிளையான கொராய் ஆற்றில் நன்னீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறி வருகிறது. குல்னாவும் சுந்தரவனமும் உவர்க்கின்றன. யாரும் உப்பைக் கொட்டவில்லை, நன்னீர் தள்ளாததுதான் காரணம். இறால் பண்ணைகளும் கரைகட்டிய தீவுகளும் கடல்மட்ட உயர்வும் சேர்ந்துகொள்வதால் பழியைப் பிரிப்பது இன்னும் கடினம். 115 மாதிரி எண்ணை அங்கே எழுதுவதென்றால் எங்கே நின்று அளப்பது? அந்த ஒப்பந்தத்தின் முப்பதாண்டு 2026 டிசம்பரோடு முடிகிறது.

கயல்_சட்டம்

1997 ஐநா நீர்வழி உடன்படிக்கையை யாரும் சொல்லவில்லையே? 7-வது ஷரத்து, கணிசமான தீங்கு விளைவிக்காதே. அது 2014 ஆகஸ்டில் அமலுக்கும் வந்துவிட்டது.

ஏட்டுச்சுரைக்காய்

அமெரிக்காவும் அதில் இல்லை, மெக்சிகோவும் இல்லை. என் புனைபெயர் அந்த உடன்படிக்கைக்குத்தான் பொருந்தும். மேற்கோள் காட்டலாம், சாய்ந்து நிற்க முடியாது.

கட்டுரைக்கு என் யோசனை: மீறலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். மடைக்காரர் ஐயாவின் 117–144 கணக்கை நடுவில் வையுங்கள். அளவுக் கடமைக்குள்ளேயே தரம் ஒளிந்திருக்கிறது என்று காட்டிவிட்டால், எழுதப்படாததைச் சேர்க்காதே என்ற எதிர்வாதியின் ஆட்சேபம் பாதி கரைந்துவிடும். நீங்கள் எதையும் சேர்க்கவில்லை, '15 லட்சம்' என்ற சொல்லுக்குத்தான் பொருள் சொல்கிறீர்கள்.

எதிர்வாதி

பாதி என்று சொன்னதற்கு நன்றி. மீதிப் பாதிக்கு நான் இங்கேயேதான் இருப்பேன். எழுதப்படாத தரம் உள்ளே இருக்கிறது என்றால், எவ்வளவு தரம்? 800-ஆ? 1,000-ஆ? அதற்குப் பதில் சொல்லாமல் அந்த வாதம் நிற்காது, கயல். உங்கள் வழிகாட்டியும் அதைத்தான் கேட்பார்.

கயல்_சட்டம்

கேட்டுவிட்டார் சார், நேற்றே 🙂 1944-ல் கையெழுத்தானபோது வந்துகொண்டிருந்த தரம் என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். திருப்தியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

கடைசியாக ஒன்று. இப்போது ஆற்றிலேயே நீர் இல்லை. 2021 ஆகஸ்டில் முதல் பற்றாக்குறை அறிவிப்பு வந்து, 2022-ல் மெக்சிகோவின் பங்கையும் குறைத்தார்கள். நீர் குறைந்தால் 115 என்ன ஆகும்?

மடைக்காரர்

பங்கு குறைப்பு 2017-ன் மினிட் 323 வழியாக வந்தது. அது 2026 முடியும்வரைதான். 242-க்குக் காலாவதி இல்லை. ஆகவே நீர் எவ்வளவு குறைந்தாலும் 115 அப்படியே நிற்கும்.

நிற்பது தாளில். களத்தில் என்ன ஆகும் என்றால், இம்பீரியலுக்கும் மொரெலோஸுக்கும் நடுவில் யூமா பக்கத்து வயல்களின் வடிநீர் ஆற்றில் கலந்துகொண்டேதான் இருக்கிறது. மேலிருந்து வரும் நல்ல நீர் குறைந்து, அந்த வடிநீர் அதே அளவில் வந்தால், கலவையில் உப்பின் பங்கு தானாக ஏறும். யாரும் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அப்போது அமெரிக்காவுக்கு மூன்று வழி: இன்னும் கொஞ்சம் வடிகாலை ஆற்றில் விடாமல் திருப்புவது, அணையிலிருந்து கூடுதல் நல்ல நீர் விடுவது, அல்லது அந்த ஆலையை ஓட்டுவது. முதலாவதில் கணக்கில் சேரும் நீர் குறையும். இரண்டாவதுக்கு அணையில் நீர் வேண்டும். மூன்றாவதுக்கு நாணல் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும்.

நாணல்

நான் மட்டும் இல்லை ஐயா, நீர்க்கோழியும் கேட்கும்.